பத்து ஐந்துக்கு ஓய்ந்த தாக்குதல்

புதிதாகக் காவல் போட்ட மறுநாளே வெற்றி அறிக்கை எழுதாதீர்கள். நான் எழுதினேன். அந்த அறிக்கையின் பிரதி இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஓய்வுபெற்றுப் போகும்போது கம்பெனிப் பேனாவைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுத்தவள் நான். அந்த ஒரு தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பது என் பழைய மேசை. கேகாலை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், ஜன்னலைத் திறந்தால் கொண்டக்டர்கள் ஊர் ஊராகக் கூவுவது காதை அடைக்கும். மற்றவர்களுடைய இணையத்தளங்களைப் பார்த்துக்கொள்வதுதான் நம் தொழில். தளம் ஓடினால் யாரும் நம்மை நினைக்கமாட்டார்கள். நின்றால்தான் நம் தலை உருளும். அதனால் பாராட்டு வாங்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால் நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. வயதான பிறகும் அது போகவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது எனக்கு ஐம்பத்தாறு. முன்பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையத்தின் தளம் என் பொறுப்பில் இருந்தது. தங்கும் விடுதியோடு ஒரு வருடப் பயிற்சி. தோட்டத்துப் பெண்களும் நிறையப் பேர் விண்ணப்பிப்பார்கள். விண்ணப்பம் தளத்தின் வழியாக மட்டும்தான். அந்தத் தளத்தில் பாதுகாப்புக்காகப் பொருத்தியிருந்த பிளகின் என்ற சிறு மென்பொருளைச் செய்தவர்கள் அதைக் கைவிட்டுப் போய் மூன்று வருடமாகியிருந்தது. தோட்டத்து வாச்சர் வேலையை விட்டுப் போன பிறகும் அவருடைய தொப்பியைக் கேட்டில் மாட்டி வைத்ததுபோல அது சும்மா கிடந்தது. “பார்க்கிறேன், பார்க்கிறேன்” என்று நானும் நாளைக் கடத்தினேன். ஒருநாள் காலையில் நிலையத்தின் முகப்பில் சூதாட்ட விளம்பரம் ஓடியது.

நிலையத்தின் பணிப்பாளர் மேடம் என்னைத் திட்டவில்லை. “பிள்ளைகளின் அப்பா அம்மா பார்க்கும் இடம் மிஸ்” என்று மட்டும் சிங்களத்தில் சொன்னார். திட்டியிருக்கலாம். அன்றைக்கே விளம்பரத்தைத் துடைத்தெறிந்து, புதன்கிழமை பழைய பிளகினைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். எப்படிப் போட்டேன் என்பது உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். போட்டபின் அது என்னிடம் ஒரு கேள்வி கேட்டது: ஒரே போனிலிருந்தோ கணினியிலிருந்தோ ஒரு மணி நேரத்தில் எத்தனை விண்ணப்பம் வந்தால் சந்தேகப்பட வேண்டும்? செய்தவர்கள் ஐந்து என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. ‘சரி’ என்று அமத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

ஐந்து என்பது யாருடைய கணக்கு? வீட்டுக்கு நாலு கணினி இருக்கும் எங்கேயோ ஓர் ஊர்க்காரரின் கணக்கு. நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில். எங்கள் தோட்டம் முழுவதற்கும் ஒரே விலாசம்தான். அத்தனை குடும்பத்துக் கடிதங்களும் ஆபீசுக்கு வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். லயத்துக்கு ஒரு ரேடியோ, தண்ணிக்கு ஒரு பீலி, ஒரு கடிகாரம். அப்படி எல்லாவற்றையும் பங்குபோட்டு வளர்ந்த நான், ஒரே போனில் ஆறு விண்ணப்பம் வந்தால் அது திருட்டு என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது தெரியாதவர் செய்த பிழை இல்லை. தெரிந்தவள் செய்த பிழை, அதனால்தான் இன்றைக்கும் சுடுகிறது.

வியாழக்கிழமை மதியம் பிளகினின் பதிவேட்டைத் திறந்தால், அடேயப்பா! ஒரே போன். முதலில் ஐந்து விண்ணப்பம் உள்ளே போயிருந்தது. ஆறாவதைப் பிளகின் தடுத்திருந்தது. அந்த ஆள் விடவில்லை. ஒன்பது பத்திலிருந்து திரும்பத் திரும்ப, நாற்பத்தொரு தடவை மோதியிருந்தார். பிளகின் அசையவில்லை. மூன்று நாளைக்கு அந்தப் போனையே பூட்டி வைத்துவிட்டது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. உட்கார்ந்து மேடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினேன். “நாற்பத்தொரு தாக்குதல்கள் முறியடிக்கப்பட்டன. சரியாகப் பத்து ஐந்துக்குத் தாக்கியவர் தோல்வியை ஒப்புக்கொண்டு பின்வாங்கினார்.” பின்வாங்கினாராம்! யாரைக் கேட்டு எழுதினேனோ தெரியாது.

மறுநாள் வெள்ளி. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், பின்னேரம் நாலு மணிக்குத் தளம் தானாகவே மூடிக்கொள்ளும். காலை எட்டரை இருக்கும், ஆபீசுக்கு ஒரு போன் வந்தது.

“அக்கா, வணக்கங்க. நான் தெரணியகல பக்கம் தோட்டத்துலேருந்து செல்வராணி பேசுறேன். ஃபோம் அனுப்புனா போகவே மாட்டேங்குதுங்க.”

“ஸ்கிரீன்ல என்ன வருது?”

“செவப்பா என்னமோ வருதுங்க, இங்லீசுல.”

“கவரேஜ் இல்லாம இருக்கும். கொஞ்சம் மேட்டுப் பக்கமா போய் நின்னு பாருங்க.”

“மேட்டுலதாங்க நிக்கிறேன். கோயில் பாற மேல. இதுக்கு மேல ஏறுனா வானந்தாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததோடு சரி, காது கொடுக்கவில்லை. அவர் விடாமல் சொன்னார்: தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், பதினொரு வருடமாகப் பிள்ளை பார்க்கிறார். வரும் வருடத்திலிருந்து சான்றிதழ் இருந்தால்தான் அந்த வேலை என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

“எனக்கு வர்ற மாசம் முப்பத்தஞ்சு முடியுதுங்க. அதுக்குப் பெறகு எடுக்க மாட்டாங்களாம். இந்த வாட்டி வுட்டா நான் திரும்பக் கொழுந்துக்குத்தான் போவணும்.”

“கடைசி நாள்ல எல்லாரும் ஏறுனா அப்பிடித்தாங்க. முன்னமே அனுப்பியிருக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க” என்று வைத்துவிட்டேன்.

குரலில் கடுமை இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது.

பகல் சாப்பிட்டபின் என் பெருமையை யாருக்காவது காட்ட வேண்டும்போல் இருந்தது. எதிர்மேசை நுவனைக் கூப்பிட்டேன். பத்து வருடமாக என்னோடு வேலை செய்தவர், அதிகம் பேசமாட்டார். நாற்பத்தொரு வரியையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

“மேக மினிஹெக் நே அக்கே?” என்றார். இது ஒரு மனிதர்தானே அக்கா என்று.

“எப்படிச் சொல்றீங்க?”

“நேரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், இங்கே இரண்டு நிமிடம். மெஷின் என்றால் ஒரு நொடிக்குள் பத்துத் தடவை அடிக்கும். இது ஒவ்வொரு தடவையும் முழு ஃபோமையும் நிரப்பியிருக்கிறது.”

உள்ளே போயிருந்த ஐந்து விண்ணப்பங்களையும் திறந்தேன். ஐந்து வெவ்வேறு பெண்கள், ஐந்து பேருக்கும் ஒரே தோட்டம், தெரணியகலை. தொடர்பு எண் ஐந்திலும் ஒன்றேதான். காலையில் வந்த போனின் எண்ணைப் பார்த்தேன். அதே எண்.

தோட்டத்துப் பெண்கள் ஐந்து பேருடையதை முதலில் அனுப்பிவிட்டுத் தன்னுடையதைக் கடைசியில் வைத்திருக்கிறார் அந்த மனுசி. பந்தியில் பரிமாறுகிறவர் கடைசியில்தானே சாப்பிடுவார். அவருக்கு இலை போடும் நேரத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டேன். அது போதாதென்று, தாக்க வந்தவர் என்று எழுத்தில் கொடுத்தேன், காலையில் கெஞ்சியவரை மேட்டில் ஏறச் சொன்னேன். அட பாவி என்று என்னை நானே வாய்விட்டுச் சொன்னேன்.

நேரம் ஒன்றே முக்கால். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒன்றே முக்கால் மணி வரும். முதல் போன் யாருக்கு? எனக்குத் தோன்றியது, யாருக்கும் தெரியாமல் பூட்டைத் திறந்துவிட்டு செல்வராணியை மறுபடி அனுப்பச் சொல்லலாம், அறிக்கை அப்படியே இருக்கட்டும் என்றுதான். கை மவுசில் இருந்தது. ஆனால் நாலு மணிக்குள் அது நடக்காமல் போனால்? அப்போது மேடத்திடம் போய் நின்றால், அதுவரை மறைத்தவள் என்றுதான் ஆகும். என் மானத்தைக் காப்பாற்ற அவருடைய வருடத்தைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மேடத்துக்குப் போன் போட்டேன்.

“மேடம், நேற்று நான் எழுதிய தாக்குதல், தாக்குதல் இல்லை. விண்ணப்பிக்க வந்த ஒரு பெண். பிழை என்னுடையது.”

“அந்த அறிக்கையை இன்று காலையில்தான் குழுக் கூட்டத்தில் வாசித்தேன் மிஸ்” என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை, அவ்வளவுதான். நேரத்தை நீட்டித் தர முடியுமா என்று கேட்டேன். ஒருவருக்கு நீட்டினால் குழு கூடித்தான் முடிவெடுக்க வேண்டும், அதற்கு அவரால் உறுதி சொல்ல முடியாது. “நாலுக்குள் உள்ளே போட்டுவிடுங்கள். அதுதான் நிச்சயம்” என்றார்.

செல்வராணியின் போனை மட்டும் பூட்டிலிருந்து விடுவித்தேன். அழைத்தேன். அணைந்திருந்தது. மறுபடி அழைத்தேன், மறுபடியும் அதே. பாறையிலிருந்து இறங்கியிருப்பார், கீழே கவரேஜ் இல்லை. போய்ச் சொல்லலாம் என்றால் கேகாலையிலிருந்து தெரணியகலை பஸ் போய்ச் சேருவதற்குள் தளம் மூடிவிடும். விண்ணப்பத்தில் இருந்த தோட்டத்தின் பெயரை வைத்துத் தோட்டத்து ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்தேன். எடுத்தவர் சிங்களக் கிளார்க் மாத்தயா, அதாவது கிளார்க் ஐயா. பிள்ளைக்காம்பரா மேல் டிவிசனில், நடந்தால் முக்கால் மணி நேரம் என்றார். நான் கெஞ்சினேன். அந்த மனிதர் யாரென்றே எனக்குத் தெரியாது, இன்றைக்கும் கும்பிடுகிறேன். “கொழுந்து லொறி இப்போதுதான் மேலே புறப்படுகிறது. ட்ரைவரிடம் சொல்லி விடுகிறேன், திரும்பும்போது ஏற்றிக்கொண்டு வரட்டும்” என்றார்.

அதன்பிறகு காத்திருப்பு. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்று மணிக்கு, படிவம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பொய்ப் பெயர் போட்டு ஒன்று அனுப்பினேன். போனது. மனம் ஆறவில்லை, இன்னொன்று. மூன்றே காலுக்கு மறுபடி, அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

மூன்று நாற்பதுக்குத் தோட்டத்து ஆபீசிலிருந்து போன் அடித்தது. பின்னணியில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

“அக்கா, செல்வராணிங்க. ரெண்டு புள்ளைங்கள விட்டுட்டு வர ஆளு இல்ல, தூக்கிட்டே வந்துட்டேன். என்னங்க, நான் எதும் தப்புப் பண்ணிட்டனா? கிளாக்கர் மாத்தயா அவசரம்னாரு.”

“நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. தப்பு எங்கிட்ட. மன்னிச்சுக்கங்க. இப்ப உங்க விவரத்த ஒவ்வொன்னா சொல்லுங்க, நான் இங்கேருந்து அடிக்கிறேன்.”

“அந்த அஞ்சு புள்ளைங்களுது போயிருச்சுங்களா அக்கா?”

“போயிருச்சு, போயிருச்சு. உங்களுத சொல்லுங்க!”

சொன்னார். பெயர், அடையாள அட்டை எண், பிறந்த திகதி. நடுவில் “அழுவாதடா தங்கம், இந்தா போயிரலாம்” என்று பிள்ளைக்கு ஒரு சமாதானம். நானும் அடித்து முடித்து, ஒருதடவை வாசித்துக் காட்டி, ‘அனுப்பு’ என்பதை அமத்தினேன். மூன்று ஐம்பத்தொன்று.

திரை சிவப்பாகியது. உங்கள் நடவடிக்கை சந்தேகத்துக்குரியது, தடுக்கப்பட்டீர்கள் என்று இங்கிலீசில் எழுதிக் காட்டியது. பொய்ப் பெயரில் நான் அனுப்பியது ஐந்து. இது ஆறாவது.

“என்னங்க அக்கா, சத்தத்தையே காணோம்?”

“என்னையும் புடிச்சுப் பூட்டிருச்சும்மா.”

அந்த முனையில் சிரிப்பு. “வளத்த கடா மாருல பாஞ்சுருச்சுங்களா!” என்றார். அவருடைய வருடம் ஒன்பது நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, சிரித்தார்.

ஒன்றே முக்காலுக்கு நான் ஆளை விடுவித்தேனே தவிர விதியைத் திருத்தவில்லை, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை. இப்போது ஒரே அமத்தில் பிளகினையே நிறுத்திவிடலாம். விரல் அங்கே போய்விட்டது. நுவன் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். “அக்கே, சூதாட்டக்காரர்கள் இன்று காலையும் வந்தார்கள்” என்றார் மெதுவாக. உண்மை. உள்ளே இருப்பது எத்தனையோ பெண்களின் அடையாள அட்டை எண்கள். யோசிக்காமல் போட்டது ஒரு பிழை என்றால், யோசிக்காமல் கழற்றுவது அதன் தங்கச்சி. பிளகினை ஓடவிட்டு, அந்த ஒரு விதியைத் தேடிப் போனேன். அவசரத்தில் இரண்டு தடவை தவறான பக்கம் திறந்தது. ஐந்தை அழித்து ஐம்பது என்று போட்டேன். நுவன் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தார். என் பூட்டையும் கழற்றினேன். படிவம் அழிந்து போயிருந்தது.

“திரும்பச் சொல்லுங்கம்மா. வேகமா.”

சொன்னார், ஒரு எண்கூடப் பிசகாமல். நாற்பத்தொரு தடவை நிரப்பியவருக்கு மனப்பாடம் ஆகாமல் இருக்குமா? மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பச்சை எழுத்தில் பதிவிலக்கம் வந்தது. “போயிருச்சு” என்றேன். பிள்ளையின் அழுகை நின்றிருந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். நானும் மூடி மறைக்கவில்லை, அழுதேன். நுவன் தேநீர் ஊற்றப் போவதுபோல எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை இரண்டாவது அறிக்கை எழுதினேன். தாக்குதல் எதுவும் நடக்கவில்லை, ஐந்து என்ற எண்ணை யோசிக்காமல் ஏற்றது நான்தான் என்று பெயர் போட்டு எழுதினேன். நம் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வாடிக்கையாளர் கைவிட்டுப் போனால் என்ன செய்வது என்று. போகவில்லை. மேடம் அந்த அறிக்கையையும் குழுவில் வாசித்தார். அந்தச் சிவப்பு எழுத்துத் தமிழிலும் சிங்களத்திலும் மாறியது. அதன் கீழே, தடுக்கப்பட்டவர் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் வந்தது. முதல் வருடம் முழுக்க அந்தப் போனை நான்தான் எடுத்தேன். நானே கேட்டு வாங்கிய வேலை அது.

செல்வராணியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், எடுத்தார்கள். அவர் அனுப்பிய ஐந்து பெண்களில் மூன்று பேருக்கும் கிடைத்தது. வகுப்பு தொடங்கிய முதல் வாரம், பின்னேரம், ஒரு பெண் மாடி ஏறி வந்து வாசலில் நின்றார். ஒல்லியான ஆள், தலை நிறைய எண்ணெய், கையில் புதுக் கொப்பி. குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். தேநீர் குடித்தார். அவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று முதல் அறிக்கையைப் பற்றி வாய் உளறிச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “காட்டுங்கக்கா, பாப்போம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பதிவேட்டைக் காட்டினேன். விரல் வைத்து எண்ணினார்.

“நாப்பத்தொரு வாட்டியா அமத்துனேன்? நான் ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கும்னு நெனச்சேங்க.”

அறிக்கையையும் கொடுத்தேன். எழுத்துக் கூட்டாமல், நிதானமாக வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“தோல்விய ஒத்துக்கிட்டுன்னு போட்டிருக்கீங்களேக்கா. நான் எங்க ஒத்துக்கிட்டேன்? பத்தரைக்குப் புள்ளைங்களுக்குக் கஞ்சி குடுக்கணும். பாறையிலேருந்து எறங்க இருவது நிமிசம் ஆவும். அதாங்க போயிட்டேன்.”

அந்தத் தாளைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். “பத்து ஐந்துக்குப் பின்வாங்கினார்” என்ற வரிக்குக் கீழே, பேனாவால் எழுதியிருக்கிறேன்: கஞ்சி நேரம்.